போக்குவரத்தைத் திட்டமிடும் அவையில் பயணிக்கு இருக்கை உண்டா?

வடசென்னையில் நம் மஹல்லாவின் வழியே சென்றுகொண்டிருந்த ஒரு பேருந்துத் தடம் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நின்றுபோனது. அறிவிப்பு எதுவும் வரவில்லை. முதலில் ஒரு நடை குறைந்தது. பின்னர் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றானது. ஒரு நோன்புக் காலம் முடிந்து நாம் நிமிர்ந்து பார்த்தபோது அதுவும் இல்லை. அந்தப் பேருந்தை நம்பியிருந்தவர்கள் யாவர்? கல்லூரிக்குச் சென்ற பெண்பிள்ளைகள், மாதந்தோறும் அரசு மருத்துவமனையில் சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்கி வரும் முதியவர்கள், நகரின் மறுகோடியில் வீட்டு வேலை செய்யும் சகோதரிகள். முதியவர்கள் ஷேர் ஆட்டோவுக்குக் காசு தேடிக்கொண்டார்கள். சகோதரிகள் விடியுமுன் எழுந்து அடுத்த நிறுத்தம் வரை நடக்கத் தொடங்கினார்கள். பெண்பிள்ளைகளில் இருவர் கல்லூரியை விட்டு அஞ்சல்வழிப் படிப்புக்கு மாறினார்கள். 'இருட்டிய பின் இரண்டு பேருந்து மாறி வரவேண்டாம்' என்று வீட்டார் சொல்லிவிட்டனர்.

ஜமாஅத் நிர்வாகிகள் நால்வர் மனு எழுதிக்கொண்டு புறப்பட்டோம். முதல் அலுவலகத்தில், சாலை தோண்டப்பட்டிருக்கிறது, பேருந்தை எப்படி விடுவது என்றார்கள். சாலையைக் கவனிக்கும் அலுவலகத்தில், தோண்டியது தாங்களல்ல, வேறொரு திட்டத்துக்காகத் தோண்டினார்கள், போக்குவரத்தை மாற்றிவிட்டதும் வேறொரு துறை என்றார்கள். அந்தத் துறையிடம் சென்றோம். மாற்றுப்பாதை தற்காலிகமானதே, பேருந்தை மீண்டும் விடுவது பேருந்து இயக்குவோரின் பொறுப்பு என்று பதில் வந்தது. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தோம். அம்மூவரில் எவரும் நம்மிடம் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் கவனிக்கத்தக்கது. ஒவ்வொருவரும் தத்தம் எல்லைக்குள் உண்மையையே சொன்னார்கள். அந்த எல்லைகளுக்கு இடையே இருந்த பள்ளத்தில்தான் நம் பேருந்து காணாமற்போனது.

இந்நோய்க்கு மருந்து எழுதப்பட்டுப் பல காலம் ஆகிறது. பத்து இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒவ்வொரு நகரத்திலும் பேருந்து, இரயில், சாலை, நடைபாதை அனைத்தையும் ஒருங்கே திட்டமிடும் ஓர் அமைப்பு வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை பரிந்துரைத்தது. அதையொட்டி 2010இல் தமிழக சட்டமன்றம் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்து ஆணையத்துக்கான சட்டத்தை நிறைவேற்றியது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'கும்டா' என்கிறார்கள். அச்சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019இல். முதலமைச்சரின் தலைமையில் ஆணையத்தின் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். சட்டம் பிறந்த ஆண்டில் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, முதல் கூட்டம் கூடிய ஆண்டில் பள்ளி இறுதியாண்டை முடித்து வெளியேறியிருக்கும்.

தாமதமாக வந்தாலும் அந்த அமைப்பு வீணானதன்று. 2025 செப்டம்பரில் வெளிவந்த 'சென்னை ஒன்' செயலி அதன் முயற்சியே. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் இரயில் மூன்றுக்கும் ஒரே இடத்தில் பயணச்சீட்டு எடுக்கலாம் என்பது, மூன்று வரிசைகளில் நின்று பழகிய நமக்குச் சிறிய செய்தியன்று. துறைகள் ஒரே மேசையில் அமர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது சான்று. நமது கேள்வி, அந்த மேசையைச் சுற்றி யார் அமர்கிறார்கள், அவர்கள் கையில் என்ன பணம் இருக்கிறது என்பது பற்றியது.

அங்கே அமர்பவர்கள் பெரும்பாலும் அரசுச் செயலர்கள், போக்குவரத்து நிறுவனங்களின் தலைமை அதிகாரிகள், காவல்துறை, இரயில்வே, மாநகராட்சி ஆகியவற்றின் உயர் அலுவலர்கள், அரசு நியமிக்கும் வல்லுநர்கள். இவர்கள் அனைவரும் வேண்டியவர்களே. இவர்கள் இல்லாமல் ஒரு சிக்னல் விளக்கைக்கூட இடம் மாற்ற இயலாது. ஆயினும் பேருந்தில் நின்றுகொண்டு வருபவர், தம்மைப் போன்றவர்கள் தேர்ந்தெடுத்து அனுப்ப, அங்கே உறுப்பினராக அமரும் ஏற்பாடு இல்லை. 2022 அக்டோபரில் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. அரக்கோணம் பக்கத்துச் சிற்றூரின் ஊராட்சித் தலைவரும் இப்போது அந்த வரைபடத்துக்குள் இருக்கிறார். மேசைக்கு அருகில் அவர் இல்லை.

இவ்வாறு கேட்பது ஏதோ புதுமையான கோரிக்கை என்று எண்ண வேண்டாம். நம் அரசியலமைப்பே இதைவிடத் தாராளமாக எண்ணியிருக்கிறது. 74ஆவது திருத்தத்தால் சேர்ந்த 243ZE பிரிவு, பெருநகரத் திட்டக் குழு ஒன்றை அமைக்கச் சொல்கிறது. அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோர், அப்பகுதியின் நகராட்சி உறுப்பினர்களும் ஊராட்சித் தலைவர்களும் தமக்குள் தேர்ந்தெடுப்பவர்களாக இருக்கவேண்டும். அந்த விதி போக்குவரத்து ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது. ஆணையம் வேறொரு சட்டத்தின் பிள்ளை. ஆனால் நகரத்தைத் திட்டமிடும் அவை எப்படி இருக்கவேண்டும் என்று நாடாளுமன்றம் கண்ட கனவு அதில் எழுதப்பட்டிருக்கிறது.

இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம். மண்ணடியிலும் பர்மா பஜாரிலும் தள்ளுவண்டி வைத்திருக்கும் நம்மவர்கள் பலருக்கு இதன் பெயராவது தெரியும். நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்கவேண்டும், அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்கவேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்களாக இருக்கவேண்டும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு உரிய இடம் தரவேண்டும் என்று அது சொல்கிறது. நடைபாதையில் வாழைப்பழம் விற்பவருக்குக் குழுவில் இடம் தர முடியுமென்றால், அந்த நடைபாதையில் நடந்து பேருந்துக்குச் செல்பவருக்கு ஏன் முடியாது? அச்சட்டம் வந்த பின்னும் பல நகரங்களில் தேர்தலே நடத்தாமல் ஆண்டுகள் கடந்தன என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. எழுதியதை நடத்திக்காட்டும் வேலை எப்போதும் மிச்சமிருக்கும். ஆனால் எழுதப்படாததைக் கேட்டு வழக்குத் தொடரவும் வழியில்லை.

இனி பணத்துக்கு வருவோம். சென்னையில் மாநகரப் பேருந்துக்கான பணம் போக்குவரத்துத் துறையின் வழியே வருகிறது. புறநகர் இரயிலுக்கான முடிவு டெல்லியில். உட்புறத் தெருக்கள் மாநகராட்சியின் கணக்கில், பெருஞ்சாலைகள் நெடுஞ்சாலைத் துறையின் கணக்கில். மெட்ரோவின் இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர், மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் அளித்தது. மத்திய மாநில அரசுகளின் பங்கு போக, கணிசமான பகுதி ஜப்பானிடமிருந்தும் ஆசிய வளர்ச்சி வங்கி போன்ற பன்னாட்டு வங்கிகளிடமிருந்தும் பெறும் கடன். கடன் எந்தத் தடத்துக்கென்று கையெழுத்தாகிறதோ அந்தத் தடத்துக்கே செல்லும். நம் தெருமுனையில் நின்றுபோன பேருந்தின் பக்கம் அது திரும்பிப் பார்க்காது.

ஒருங்கிணைக்கும் அவை, பணம் ஒதுக்கும் அவையாகவும் இல்லாவிட்டால் அதன் சொல்லுக்கு என்ன வலு? திட்டம் வரையலாம், கடிதம் எழுதலாம், கூட்டம் கூட்டலாம். 'அந்தச் சாலையில் நடைபாதை முடிந்த பிறகே பேருந்து நிறுத்தம், அதன் பிறகே உங்களுக்கு அடுத்த தவணை' என்று எந்தத் துறையிடமும் சொல்ல முடியாது. நகர்ப்போக்குவரத்துக்கெனத் தனி நிதி ஒன்று வேண்டும், வாகனப் பதிவு, வண்டி நிறுத்தக் கட்டணம், விளம்பரம் போன்றவற்றிலிருந்து அதற்கு வருவாய் சேர்க்கலாம் என்ற யோசனை மத்திய அரசின் வழிகாட்டுதல்களிலேயே பல ஆண்டுகளாக இருக்கிறது. பணமின்றிக் கொள்கை மட்டும் இருந்தால் என்னாகும் என்பதற்கு வேறெங்கும் செல்லவேண்டாம். 2014இல் சென்னை மாநகராட்சி, இயந்திரமில்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கான தன் செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் ஒதுக்குவதாக அது உறுதி கூறியது. அதன் பயனைச் சில பெருஞ்சாலைகளில் காண்கிறோம். நம் மஹல்லாவின் சந்துகளில் ஊன்றுகோலுடன் ஃபஜ்ருக்கு வரும் பெரியவர்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள்.

இத்துறையில் நெடுங்காலம் பழகிய நாடு அமெரிக்கா. 1962ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டம், 50,000 மக்களுக்கு மேற்பட்ட ஒவ்வொரு நகர்ப்பகுதியிலும் தொடர்ச்சியான, ஒத்துழைப்புடன் கூடிய, முழுமையான திட்டமிடல் நடக்கவேண்டும், இல்லாவிட்டால் மத்திய அரசின் சாலைப் பணம் கிடைக்காது என்று விதித்தது. அதிலிருந்து வளர்ந்தவை பெருநகரத் திட்டமிடல் அமைப்புகள். இன்று அந்நாட்டில் 400க்கும் மேற்பட்டவை இருக்கின்றன. உள்ளூர் மன்றங்களின் பிரதிநிதிகள் ஒரே அவையில் கூடுகிறார்கள். அவர்கள் ஏற்கும் பட்டியலில் இடம்பெறாத திட்டத்துக்கு மத்தியப் பணம் வராது. அவையின் அன்றாடச் செலவுக்கும் மத்திய அரசே பெரும்பங்கு தருகிறது. மிச்சத்தை உள்ளூரார் போடுகிறார்கள். சாவி பூட்டோடு சேர்த்தே தரப்பட்டிருக்கிறது.

ஆயினும் அங்கும் இருக்கைச் சண்டை தீரவில்லை. பல அவைகளில் ஊருக்கு ஒரு வாக்கு என்ற முறை இருந்ததால், சில ஆயிரம் பேர் வாழும் வசதியான புறநகரும் பல இலட்சம் பேர் வாழும் மையநகரும் சமமாக எண்ணப்பட்டன. மையநகரத்தவரும் வெள்ளையரல்லாதோரும் தம் மக்கள்தொகைக்கு ஏற்ற இடத்தை அவைகளில் பெறவில்லை என்பதை 2006இல் புரூக்கிங்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு எடுத்துக்காட்டியது. அவர்களே பேருந்தை அதிகம் நம்பியிருப்பவர்கள். பெரிய நகர்ப்பகுதிகளின் அவைகளில் பொதுப்போக்குவரத்தை நடத்துவோருக்கு இடம் கட்டாயம் என்று சட்டம் சொன்னது 2012இல்தான். 1962இலிருந்து எண்ணினால் பேருந்து நடத்துபவருக்கே ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. பேருந்தில் ஏறுபவர் இன்னும் வாசலில் நிற்கிறார். இருக்கைகளைப் பங்கிடும்போது மக்கள்தொகைக்கேற்ற நியாயமான பிரதிநிதித்துவத்தைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்ற சொற்கள் சட்டத்தில் ஏறியது 2021இல். பணத்தை அவையிடம் கொடுத்தது அவர்கள் செய்த நல்ல காரியம். அவையில் யார் என்பதை முதலிலேயே தீர்க்காதது அவர்கள் செய்த பிழை. நாம் முன்னதைக் கற்கவேண்டும், பின்னதைத் தவிர்க்கவேண்டும்.

இதைப் பிறர்மேல் சுமத்தி நாம் நல்லவர்களாகிவிட முடியாது. நம் மஹல்லாக்கள் பலவற்றில் சந்தா செலுத்துவோர் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. அதில் பெயர் உள்ளவரே பொதுக்குழுவில் பேசலாம், நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கலாம். வளைகுடாவில் இருந்தபடி ஆண்டுச் சந்தாவை மொத்தமாக அனுப்பும் சகோதரருக்கு வாக்கு உண்டு. பள்ளிவாசலுக்கு இரண்டு வீடு தள்ளி வாடகைக்குக் குடியிருக்கும் கைம்பெண்ணுக்கு இல்லை. பள்ளிவாசல் கிணற்றில் அன்றாடம் தண்ணீர் எடுப்பவர் யார், மையவாடிக்குச் செல்லும் பாதை சேறானால் துன்பப்படுபவர் யார் என்பதை அந்தப் பட்டியல் கேட்பதில்லை. பணம் தருபவர் அமர்வார், பயன்படுத்துபவர் நிற்பார் என்ற ஒழுங்கு அரசாங்கம் கண்டுபிடித்ததன்று. கலந்தாலோசனையை மார்க்கத்தின் பண்பாகப் பேசும் நாமே அதை வீட்டில் வளர்த்துவைத்திருக்கிறோம்.

அதன் விளைவை ஒருமுறை கண்கூடாகக் கண்டோம். நம் வட்டாரத்தில் சாலைகள் பற்றிய ஒரு கருத்துக்கேட்புக்கு மஹல்லாவிலிருந்து ஒருவரை அனுப்புமாறு அழைப்பு வந்தது. நாம் யோசிக்கவே இல்லை. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரை அனுப்பினோம். படித்தவர், பேசத் தெரிந்தவர், அனைவரும் மதிப்பவர். அவர் சென்று, கடைத்தெருவில் கார் நிறுத்த இடம் வேண்டும் என்று நன்றாக வாதாடிவிட்டு வந்தார். நின்றுபோன பேருந்து பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர்மேல் குற்றமில்லை. அவர் அன்றாடம் படும் இடர் அதுதான், அதைச் சொன்னார். அந்தப் பேருந்தில் அவர் ஏறிப் பதினைந்து ஆண்டுகள் இருக்கும். குற்றம் அனுப்பியவர்களுடையது.

யாரை அனுப்பியிருக்க வேண்டும்? சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பயணிப்போரில் பாதிக்கு மேல் பெண்கள் என்று அரசே சொல்லிவருகிறது. 2021 மே மாதம் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கிய பிறகு அந்தப் பங்கு உயர்ந்தது. அத்திட்டம் நம் வீடுகளில் எத்தனை கதவுகளைத் திறந்தது என்பதை நாம் அறிவோம். மாதச் சம்பளத்தில் பேருந்துக்குப் போன பணம் பிள்ளையின் டியூஷனுக்குப் போகிறது. ஆனால் அதோடு ஒரு சொல்லும் வந்து ஒட்டிக்கொண்டது: ஓசி. கட்டணம் கொடுக்காதவள் எதைக் கேட்பது என்ற தயக்கம் சகோதரிகளிடமே இருக்கிறது. 'சும்மா ஏத்திக்கிட்டுப் போறான், இதுல நேரத்துக்கு வரலன்னு கேக்கலாமா?' என்று ஒருவர் நம்மிடம் கேட்டார். அவர் இறங்கிய பின் அந்தப் பயணத்துக்கான தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுசெய்கிறது என்பது அவருக்குத் தெரியாது. அந்தத் தொகை அவர் வாங்கும் சோப்பிலும் எண்ணெயிலும் அவர் கட்டும் வரியிலிருந்தும் வருகிறது. அவர் பணம் கொடுத்துத்தான் பயணிக்கிறார். நடத்துநரின் கையில் கொடுக்கவில்லை என்பதால் அவருடைய கேள்விக்கு உரிமை குறைந்துவிடாது.

பயணிகள் வல்லுநர்கள் அல்லர், அவர்களை அவையில் சேர்த்தால் ஆளுக்கொரு பேருந்து கேட்பார்கள், முடிவு எடுக்க முடியாது என்பார்கள். இந்த அச்சத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. எந்தக் கூட்டத்திலும் தன் வாசலுக்கு நிறுத்தம் கேட்பவர் ஒருவர் இருப்பார். ஆனால் வல்லுநரால் காண முடியாத ஒன்றைப் பயணி காண்கிறார். பயணச்சீட்டு இயந்திரம் ஏறியவர்களைத்தான் எண்ணும். ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வீடு திரும்பியவரை அது எண்ணாது. கல்லூரியை விட்டு அஞ்சல்வழிக்கு மாறிய அந்த இரு பெண்பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். கணக்கின்படி அத்தடத்தில் பயணிகள் குறைந்துவிட்டார்கள், ஆகவே தடம் தேவையில்லை. நடை குறைந்ததால் ஆட்கள் குறைந்தார்கள், ஆட்கள் குறைந்ததால் நடை நின்றது என்ற வட்டத்தை, அந்த நிறுத்தத்தில் நின்றவர்தான் உடைத்துச் சொல்ல முடியும். ஆட்டோ ஓட்டும் நம் சகோதரர்களின் நிலையும் இதுவே. சென்னையில் 2013இல் நிர்ணயித்த மீட்டர் கட்டணம் பத்தாண்டுகளுக்கு மேல் திருத்தப்படாமல் கிடந்தது. மீட்டர் போடாத ஓட்டுநர்மேல் எல்லோரும் கோபப்பட்டோம். கட்டணத்தை முடிவு செய்யும் இடத்தில் அவரும் இல்லை, அவரிடம் பேரம் பேசிக் களைத்த நாமும் இல்லை.

இன்னொரு ஐயத்துக்கும் பதில் சொல்லிவிடுவோம். இது முஸ்லிம்களுக்கென ஓர் இருக்கை கேட்கும் கோரிக்கையன்று. பேருந்து நிறுத்தத்தில் நம்மோடு நிற்பவர்கள் எல்லா வீட்டாரும்தான். பேருந்தை நம்பி வாழ்பவர்க்கு இருக்கை இருந்தால், அதில் நம் மஹல்லாவின் சகோதரியும் ஒருநாள் அமர்வார். அது போதும்.

எத்தனை இருக்கைகள் என்பதைப் பேசித் தீர்க்கலாம். நம் கருத்தில் மூன்றில் ஒரு பங்கு பயணிகளுக்கும் நடப்போருக்கும் இருக்கவேண்டும், அதில் பாதியாவது பெண்களாக இருக்கவேண்டும். நடவடிக்கைக் குறிப்புகள் தமிழில், மக்கள் படிக்கும் இடத்தில் ஒட்டப்படவேண்டும். ஆனால் எவரும் பேசாத ஒரு செலவு இருக்கிறது. அதைச் சொல்லவே இவ்வளவு தூரம் வந்தோம்.

கருத்துக்கேட்புக் கூட்டங்கள் வேலைநாளில் காலை 11 மணிக்கு நடக்கின்றன. (ஒருமுறை வெள்ளிக்கிழமை நண்பகலில் வைத்தார்கள், வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள், நினைவிராது.) அரசு அலுவலர் அங்கு வருவது அவருடைய பணி, அந்த நாளுக்கு ஊதியம் உண்டு. வல்லுநருக்கு அமர்வுப்படி உண்டு. ஓய்வூதியம் பெறுபவருக்கு இழப்பில்லை. வீட்டு வேலை செய்யும் பெண் வந்தால் அன்றைய கூலி போகும். இரண்டு நாள் தொடர்ந்து வந்தால் வேலையே போகலாம். நாற்காலி போட்டாயிற்று, அவள் வரவில்லை, மக்களுக்கு அக்கறையில்லை என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். நிதி என்றதும் நாம் பாலத்தையும் இரயிலையும் எண்ணுகிறோம். பிரதிநிதித்துவத்துக்கும் நிதி வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். பயணிகளின் சார்பில் பத்துப் பேர். மாதம் ஒரு கூட்டம். ஒருவருக்கு நாள்கூலியும் வழிச்செலவுமாக 1,000 ரூபாய். ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். 63,246 கோடி ரூபாய்த் திட்டங்கள் பேசப்படும் மேசையில் இது தேநீர்ச் செலவுக்கும் வராது. கூட்டத்தைப் பிற்பகலிலோ விடுமுறை நாளிலோ வைப்பதற்கு அதுவும் தேவையில்லை.

சென்னைக்கு வெளியே வாழும் நம் வாசகர்கள், எங்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வாணியம்பாடியிலோ மேலப்பாளையத்திலோ காயல்பட்டினத்திலோ ஒருங்கிணைந்த ஆணையம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் திட்டக் குழு உண்டு. அதன் உறுப்பினர்களில் ஐந்தில் நான்கு பங்கினர் உள்ளாட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள். சிற்றுந்துத் தடங்கள் மாவட்ட அளவில்தான் முடிவாகின்றன. உங்கள் வார்டு உறுப்பினரிடம் திருமண மண்டபத்தில் கைகுலுக்கும்போது, அந்தக் குழுவில் கடைசியாகப் போக்குவரத்து பற்றி எப்போது பேசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நகரங்களில் இப்போது பகுதி சபைக் கூட்டங்களும் நடக்கின்றன. கடிதம் எழுதி ஆணையத்தின் அமைப்பை மாற்றும் வரை காத்திராமல், அங்கே நாளைக்கே பேசலாம்.

அடுத்த பகுதி சபைக்கு இம்முறை மூன்று சகோதரிகளை அனுப்புவதென்று சென்ற வாரம் ஜும்ஆவுக்குப் பின் முடிவு செய்தோம். அதற்கு முன் ஒரு மாதத்துக்குப் பேருந்து வரும் நேரங்களையும், ஏற முடியாமல் திரும்புவோரின் எண்ணிக்கையையும் குறிக்க ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி நிறுத்தத்துக்கு எதிரில் உள்ள தேநீர்க் கடையில் வைத்திருக்கிறோம். மூவருக்கும் அன்றைய நாள்கூலியை ஜமாஅத்தே தருவது என்ற யோசனையில்தான் பேச்சு நீண்டது. ஜகாத் நிதியைத் தொடக்கூடாது என்பதில் எவருக்கும் மாற்றுக்கருத்தில்லை. பொதுச் சந்தாவிலிருந்து தரலாமா, சந்தா செலுத்தாத வீட்டுப் பெண்களுக்குச் சந்தாப் பணத்திலிருந்து கூலி தருவது முறையா என்று பெரியவர் ஒருவர் கேட்டார். அசருக்கு நேரமாகிவிட்டதால் அதை வருகிற வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்திருக்கிறோம். மூன்று சகோதரிகளிடமும் செய்தி சொல்லியாயிற்று. இருவர் உடனே சரி என்றார்கள். மூன்றாமவர், கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்று மட்டும் கேட்டார். நாலரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வருமாம்.